நம்பர் ராத்தா தந்த வருத்தம்

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றியதில்லை. எல்லாரும் ‘நம்பர் ராத்தா’ என்றார்கள், நானும் அப்படியே சொன்னேன். ராத்தா என்றால் அக்கா. கல்முனையில் பஸாருக்குப் பின்னால் ஒடுங்கிய ஓர் ஒழுங்கையில், மாலையில் மட்டும் திறக்கிற பெண் டொக்டர் ஒருவரின் கிளினிக் இருந்தது. அங்கே பெண்கள் பக்கத்து வாசலில் மேசை போட்டு நம்பர் கொடுப்பதும், இடையிடையே உள்ளே டொக்டருக்கு உதவுவதும்தான் அவருடைய வேலை. ஐம்பது வயதிருக்கும். நெடிய உருவம், காப்பிக்கொட்டை நிறத்தில் ஓர் அபாயா, மூக்கின் நுனியில் எப்போது விழுமோ என்று நிற்கிற கண்ணாடி.

கிளினிக்கின் முன்பாதியில் ஆண்கள் உட்கார வாங்கு போட்டிருந்தது. மனைவியை, தங்கையை, உம்மாவைக் கூட்டி வந்த ஆண்கள் அங்கே இருந்து ஃபோன் பார்ப்பார்கள். பின்பாதி பெண்களுக்கு. நடுவில் பூப்போட்ட பச்சைத் திரை ஒன்று. அது ஆளை மறைக்கும், சத்தத்தை மறைக்காது. திரையின் இந்தப் பக்கம் ஒரு பெண் இருமினால் அந்தப் பக்கம் அவளுடைய புருஷன் நிமிர்ந்து பார்ப்பான்.

அதனால் நம்பர் ராத்தா இரண்டு குரல் வைத்திருந்தார். ஒன்று காதுக்குள் ஊதுகிற மாதிரிச் சின்னக் குரல். மற்றது ஒழுங்கை முனைவரை போகிற பெரிய குரல். உண்மையைக் கேட்பது சின்னக் குரலில். பொய்யைச் சொல்வது பெரிய குரலில்.

ஒரு பெண் வந்து குனிந்து தன் வருத்தத்தை, என்ன நோய் என்பதை, மெல்லச் சொல்வாள். ராத்தா தலையாட்டிக் கேட்பார். பிறகு திரை அதிரும்படி, “ஓம், தலைச்சுத்து! நம்பர் ஒம்பது! அங்கால போய் இருங்க!” என்பார். மூலத்தோடு வந்தவர் முழங்கால் வலியோடு போய் உட்காருவார். வெள்ளைபடுகிறது என்று வந்தவருக்கு நாரிப்பிடிப்பு, அதாவது இடுப்புப் பிடிப்பு. இதற்குள்ளும் ஓர் ஒழுங்கு இருந்தது. புதுப் பெண்களுக்குத் கழுத்துக்கு மேலே உள்ள வருத்தங்கள், பிள்ளை பெற்றவர்களுக்கு நாரி, வயதானவர்களுக்கு முழங்கால். அந்த ஊரில் பெண்களின் இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவில் ஒரு வருத்தமும் வருவதில்லை என்று ஆண்கள் நம்பியிருந்தால், அதற்குப் பொறுப்பு அவர்தான்.

அவருடைய இடதுகை விரலில் திக்ரை, இறைவனை நினைத்துச் சொல்கிற சொற்களை, எண்ணுகிற சின்ன மெஷின் ஒன்று மோதிரம்போல மாட்டியிருக்கும். ஒவ்வொரு பொய்க்கும் இறைவனிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு ‘அஸ்தஃபிருல்லாஹ்’, ஒரு தட்டு.

“பொய் பொய்தானே மகள்,” என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். “அதான் சூட்டோட சூடா தௌபா செஞ்சிடுறன்.”

நான் அவரிடம் போன கதை பெற்றோலில் தொடங்குகிறது.

நாட்டில் பெற்றோல் இல்லாமல் போன அந்த மாதங்களை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். நான் மாவடிப்பள்ளியில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வீட்டிலிருந்து ஏழெட்டுக் கிலோமீற்றர். ஸ்கூட்டியில் போய்வந்தவள், அது முற்றத்தில் தூசி பிடித்து நிற்க, சைக்கிளுக்கு மாறினேன். கட்டாருக்குப் போன மச்சினன் விட்டுப்போன கியர் சைக்கிள். அதில் இருந்ததைச் சீற் என்று சொல்ல மனம் வராது. கறுப்பு நிறத்தில் ஒரு முற்றிய வெண்டிக்காய் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரைதீவுச் சந்தியில் திரும்பினால் இரண்டு பக்கமும் வயல், எதிரே சுடுகிற கச்சான் காற்று. அபாயா பறந்துவிடக் கூடாது என்று உள்ளே இறுக்கமான நைலோன் லெகிங்ஸ் ஒன்றைப் போட்டுக்கொண்டு, வேர்க்க வேர்க்க மிதித்தேன்.

முதல் வாரம் லேசான உரசல். இரண்டாம் வாரம் எரிச்சல். மூன்றாம் வாரம் தண்ணீர் பட்டாலே கண்ணில் பொறி பறந்தது. கிருமியாக இருக்கும் என்று கிருமிநாசினி போட்டுக் கழுவினேன். அது எரித்த எரிப்பில் குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாசனைப் பவுடர் போட்டேன். கணவரின் கால்விரல் இடுக்குச் சேற்றுப்புண்ணுக்கு வாங்கிய கிறீமைப் பூசினேன். ஃபோனில் தேடிப் பார்த்தேன். பகல் ளுஹருக்குத் தேடத் தொடங்கியவளுக்கு மாலை அஸருக்குள் மூன்று வகைப் புற்றுநோய் வந்துவிட்டது.

யாரிடம் சொல்வது? பத்தாம் வகுப்புக்கு இனப்பெருக்கப் பாடம் வரும்போது, “இது லேசான பாடம், நீங்களே வாசிச்சுக் கொள்ளுங்க” என்று அடுத்த பாடத்துக்குப் போகிற டீச்சர் நான். எனக்கு எங்கே வாய் வரும்?

கணவரைக் கண்டால் விலகினேன். பஸாரில் ஃபோன் திருத்துகிற கடை வைத்திருக்கிற மனிதர், மிகவும் சாது. பெற்றோல் வரிசையில் ஒன்றரை நாள் நின்றும் வெறும் போத்தலோடு திரும்பி வந்ததற்காக நான் கோபித்துக்கொண்டேன் என்று நினைத்து, மூன்று நாள் தொடர்ந்து ஃபலூடா வாங்கி வந்தார். மாமிக்கு, அவருடைய உம்மாவுக்கு, வேறு நினைப்பு. நான் கால் அகட்டி, பார்த்துப் பார்த்து நடப்பதைக் கண்டு, ஒருநாள் என் கையிலிருந்த தண்ணீர் வாளியைப் பறித்தார். மறுநாள் புளிமாங்காய் வெட்டித் தந்தார். கலியாணமாகி இரண்டு வருடம். அவருடைய முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் கூடியது. இரண்டு இடத்திலும்.

கடைசியில் டொக்டரிடம் போகிறேன் என்றேன். “நானும் வாறன்,” என்று மாமி புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

கிளினிக்கில் நம்பர் ராத்தா என்னைக் கிட்டக் கூப்பிட்டு, சின்னக் குரலில் கேட்டார். “என்ன மகள் வருத்தம்?”

நான் மாமியைப் பார்த்தேன். திரையைப் பார்த்தேன். “சைக்கிள்…” என்றேன். அதற்குமேல் வரவில்லை.

“இரிங்க,” என்று பக்கத்துக் கதிரையைக் காட்டினார். நான் ஒரு பக்கமாகச் சரிந்து, கதிரையின் விளிம்பில் முட்டை வைப்பதுபோல உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு மேலால் ஒருமுறை பார்த்தார். அவ்வளவுதான், அவருக்கு முழுவதும் விளங்கிவிட்டது.

“காது!” என்று கத்தினார். “இந்தப் புள்ளைக்குக் காது! நம்பர் பதினொண்டு!” விரலில் ஒரு தட்டு.

மாமி திகைத்துப்போனார். “காதா? எனக்குச் சொல்லவே இல்லையே மகள்? நான் வேற என்னமோ எண்டெல்லோ நினைச்சன்.”

“காதுக்குள்ள வருத்தமெண்டா நடையும் கோணும் உம்மா,” என்றார் ராத்தா, அதே பெரிய குரலில். “காதுலதான் ஆளை நிமித்தி வெக்கிற சாமான் இருக்கு.”

இது உண்மையில் விஞ்ஞானம். என் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை வந்தது.

டொக்டர் கல்முனைத் தமிழ்க் கிறிஸ்தவப் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும், குட்டை முடி, சுருக்கமான பேச்சு. “என்ன பிரச்சினை?” என்று கேட்டார்.

அந்த நேரத்தில் நான் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. வெளியே கிடைத்த அந்தக் கௌரவமான வருத்தத்தை விட மனமில்லை. “காது, டொக்டர்,” என்றேன்.

டொக்டர் முக்காட்டை ஒதுக்கச் சொல்லி, லைட் அடித்து, வலது காதைப் பார்த்தார். இடது காதைப் பார்த்தார். மறுபடி வலது காதைப் பார்த்தார். “ரெண்டும் நல்ல சுத்தமா இருக்கே. எந்தப் பக்கம் குத்துது?”

பரிசோதனைக் கட்டிலின் திரைக்குப் பின்னால் பெட்ஷீட் விரித்துக்கொண்டிருந்த ராத்தாவின் சின்னக் குரல் வந்தது. “காது இல்ல டொக்டர். கீழ.”

டொக்டர் லைட்டை மேசையில் வைத்தார். “ராத்தா, இந்தக் கிழமை இது நாலாவது காது. நான் எத்தனை தரம் சொல்லியிருக்கன்? வருத்தத்துக்குப் பேர் மாத்தாதீங்க. வெளிய பொய் சொல்லிப் பழகினா உள்ளயும் பொய்தான் வரும். இப்ப பார்த்தீங்கதானே?”

“உள்ள வந்ததால தானே டொக்டர் நீங்க பார்க்கிறீங்க. வெளிய உண்மையைக் கேட்டா இவ வாசலோட திரும்பிப் போயிருப்பா.”

இது அவர்களுக்குள் பழைய சண்டை என்று விளங்கியது. டொக்டர் சுவரில் பெண் உடம்பின் படம் ஒன்று ஒட்டியிருந்தார். அதன் கீழ்ப்பாதியை மறைத்து ராத்தா ஒரு கலண்டர் மாட்டியிருந்தார். தொழுகை நேரங்கள் போட்ட கலண்டர் என்பதால் டொக்டருக்குக் கழற்றவும் தயக்கம்.

டொக்டர் என் பக்கம் திரும்பினார். “நீங்க என்ன வேலை?”

“சயன்ஸ் டீச்சர்.”

“அப்ப சொல்லுங்க, எங்க நோகுது?”

“அந்த இடத்தில.”

“எந்த இடம்? காரைதீவுச் சந்தியிலயா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்தில், சோதனையில் விடை சொல்கிறவள்போல, “பெண்குறி, டொக்டர்,” என்றேன். திரைக்குப் பின்னால் ராத்தா, “யா அல்லாஹ்!” என்றார்.

படுக்கச் சொல்லி, போர்த்திவிட்டு, டொக்டர் பார்த்தார். ராத்தா என் தலைமாட்டில் நின்று நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

“கிருமியும் இல்ல, கட்டியும் இல்ல. தோல் உரசி உரசிப் புண்ணாயிருக்கு. புதுச் சப்பாத்து குதிக்காலக் கடிக்கிறதில்லையா, அது மாதிரித்தான். சப்பாத்து கடிச்சா வெக்கப்படுவீங்களா?”

“இல்ல டொக்டர்.”

“அதுக்கு மேல கண்டதையும் பூசி எரிச்சிருக்கீங்க. என்னென்ன போட்டீங்க?”

சொன்னேன். கால்விரல் கிறீமைச் சொல்லும்போது டொக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் சொன்னவை இவ்வளவுதான். கிருமிநாசினி, வாசனைச் சவுக்காரம், பவுடர் ஒன்றும் கூடாது. வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைக்க வேண்டும். பருத்தி உள்ளாடை. இறுக்கமான லெகிங்ஸ் வேண்டாம். வாசனையில்லாத வெறும் வஸலின் பூசலாம். பத்து நாளைக்குச் சைக்கிள் கூடாது, பிறகு சீற்றை மாற்ற வேண்டும். ஆறும்வரை கணவரோடு சேர வேண்டாம். ஆறாவிட்டால், புண் பெருத்தால், உடனே வர வேண்டும். எனக்கிருந்த மூன்று புற்றுநோயும் அந்த மேசையிலேயே குணமாகின. அழுதுவிட்டேன்.

பிரச்சினை வெளியே காத்திருந்தது. மாமி எழுந்து வந்தார். “டொக்டர் என்ன சொன்னா?”

நான் வாயைத் திறப்பதற்குள் ராத்தா முன்னால் வந்து நின்றார். பெரிய குரல் எழுந்தது.

“காதுக்குக் காத்துப் படப்படாது! சைக்கிள் பத்து நாளைக்குக் கூடாது!”

மாமி தலையாட்டினார். நியாயமாகத்தான் இருந்தது.

“வாசனைச் சவுக்காரம் கூடாது! காது நரம்புக்கு வாசம் ஆகாது!”

“ஓம், ஓம்.”

“கால்ல இறுக்கமா ஒண்டும் போடப்படாது. நல்ல லூஸா, பருத்தியில போடணும். காது நரம்பு கால்லதான் போய் முடியுது.”

மாமியின் புருவம் சற்று உயர்ந்தது. ஆண்கள் பக்கத்தில் யாரோ ஒருவர் தன் காலைத் தொட்டுப் பார்த்தாரோ என்னவோ, வாங்கு கிறீச்சிட்டது.

“மறுகா…” என்று ராத்தா கொஞ்சம் தடுமாறினார். “புருஷன் பத்து நாளைக்குத் தனியப் படுக்கணும். மூச்சுக் காத்து காதுல பட்டா செவிடாப் போயிரும்.”

தட்டு, தட்டு, தட்டு, தட்டு. அவருடைய விரல் அன்றைக்கு ஓயவில்லை.

வீட்டுக்குப் போனதும் மாமி வெள்ளைப்பூண்டு தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சி, இளஞ்சூட்டில் என் இரண்டு காதிலும் விட்டார். காலையும் மாலையும். முக்காட்டுக்குள் பஞ்சு. என் கணவர் நான் செவிடாகப் போகிறேன் என்ற பயத்தில் கத்திப் பேசத் தொடங்கினார். “தேத்தண்ணி குடிச்சிட்டீங்களா?” என்று அவர் கேட்பது பக்கத்து வீட்டுக்குக் கேட்டு, அங்கிருந்து, “ஓம், குடிச்சிட்டம்” என்று பதில் வரும். பாயை எடுத்துக்கொண்டு முன்ஹோலுக்குப் போய்விட்டார். அங்கிருந்தும் கத்துவார்.

ஐந்தாம் நாள் மாலை அவருடைய கடைக்குப் போனேன். வேறு ஆள் இல்லை. ஒரு ஃபோனின் வயிற்றைத் திறந்து வைத்துக் குனிந்திருந்தார். எதிரே நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். வெண்டிக்காய்ச் சீற் தொடங்கி, டொக்டரிடம் சொன்ன சொல்வரை. அவர் ஸ்குரூடிரைவரைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப நான் ஏன் அஞ்சு நாளாக் கத்திக் கத்திக் கதைக்கன்? தொண்டை போயிட்டுது.”

பிறகு முகம் மாறியது. “இவ்வளவு நோவை வெச்சிக்கொண்டா ஸ்கூலுக்குப் போய் வந்தீங்க? எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.” நான் கோபத்தில் விலகவில்லை என்று தெரிந்ததில் அவருக்கு ஓர் ஆறுதல், சொல்லாமல் விட்டதில் ஒரு நோவு. அன்றைக்கே கடையை நேரத்தோடு மூடி, எங்கோ தேடி, பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றின் அகலமான ஸ்பிரிங் சீற்றைக் கொண்டு வந்து பூட்டினார். மாமி முன்னால் மட்டும் தொடர்ந்து கத்தினார்.

பத்து நாளில் புண் ஆறிவிட்டது. மறுபடி காட்டப் போனபோது தனியாகப் போனேன். அன்றைக்குக் கூட்டம் குறைவு. என்னிடம் ஸ்கூலைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்த ராத்தா, தானாகவே சொன்னார்.

“எனக்குப் பத்தொம்பது வயசு. கலியாணம் முடிச்சுப் புதுசு. உங்களுக்கு வந்த மாதிரித்தான் ஒரு கரைச்சல். ஒரு இடத்துக்கு மருந்தெடுக்கப் போனன். இப்ப அந்த இடமும் இல்ல, ஆக்களும் இல்ல. துண்டுச் சீட்டு வாங்கிறவர் சத்தமா வாசிச்சார், எந்த இடத்தில, என்ன எண்டு. வரிசையில எங்கட ஒழுங்கை ஆக்கள் நிண்டவங்க. நான் வீட்டுக்கு வர முதல் கதை வீட்டுக்கு வந்திட்டு. ஒரு வருஷம் நான் எந்தக் கலியாணத்துக்கும் போகல்ல மகள். மருந்தும் எடுக்கல்ல. தானா ஆறட்டும் எண்டு கிடந்தன்.” கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு, “சத்தம் போட்டுச் சொல்லத்தான் வேணுமெண்டா காதெண்டு சொல்லியிருக்கலாமே அந்த மனிசன்,” என்றார்.

அதற்குப் பிறகு எப்போதாவது அந்தப் பக்கம் போனால் எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். அப்படிப் போன ஒருநாள்தான் பல்லின் கதை தெரிய வந்தது.

பெரியநீலாவணையிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு ராத்தா பல்வலியைக் கொடுத்திருக்கிறார். அவளுடைய கணவன் கடலுக்குப் போகிறவன், பாசக்காரன். டொக்டர் எழுதிய களிம்பை வாங்கிக் கொடுத்துவிட்டு, பல்வலிக்கு இது போதாது என்று, மறுநாள் அவளைப் பல் டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறான். எந்தப் பல் என்று கேட்டபோது அவள் ஏதோ ஒன்றைக் காட்டியிருக்கிறாள். அதில் கொஞ்சம் சூத்தை இருந்திருக்கிறது. கணவன் பிடுங்கச் சொல்லிவிட்டான். இவள் வாயைத் திறந்தபடி இருந்திருக்கிறாள், வேறென்ன செய்ய?

வீங்கிய கன்னத்தோடு அவள் கிளினிக்குக்கு வந்தபோதுதான் ராத்தாவுக்கு இது தெரிந்திருக்கிறது. அடுத்த நாளே தோடம்பழம் வாங்கிக்கொண்டு, பஸ் பிடித்து அவளுடைய வீட்டுக்கே போயிருக்கிறார்.

“அவ என்னைத் திட்டியிருந்தா மனசு ஆறியிருக்கும்,” என்றார் என்னிடம். “சிரிச்சா மகள். ‘பல்லுத்தானே ராத்தா, போகட்டும். மற்றது தெரிஞ்சிருந்தா மாமியார் ஊரைக் கூட்டியிருப்பா’ எண்டா. நோவே இல்லாத ஒரு பல்லு. என்ட நாக்காலதான் போச்சு.”

அன்றோடு அவர் பொய்யை விட்டார். விரல் மெஷினைக் கழற்றி வைத்துவிட்டார். கலண்டரையும் அவரே கழற்றினார். டொக்டருக்குப் பெரிய சந்தோஷம். அதன்பிறகு யார் வந்தாலும் ராத்தா சின்னக் குரலில், “உள்ள போய் டொக்டரிட்ட நேராச் சொல்லுங்க,” என்பார். பெரிய குரலில் நம்பரை மட்டும் சொல்வார். ஆனால் ஒரு கெடுதி. நம்பரை மட்டும் சொன்னால், ஏன் வருத்தத்தைச் சொல்லவில்லை என்று திரைக்கு அந்தப் பக்கம் யோசிக்கிறார்களாம். தலைவலியோடு வந்தவளையும் ஒரு மாதிரிப் பார்க்கிறார்களாம். மூன்று வாரத்தில் பெண்கள் பக்கத்து வாங்கு பாதி வெறுமையாகிவிட்டது. டொக்டர் கதவைத் திறந்து, வெறும் வாங்கைப் பார்த்து, மறுபடி மூடிக்கொள்வார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லவில்லை. அதுதான் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

இந்த நிலையில்தான் ஒரு வெள்ளிக்கிழமை, நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருக்க, மாமி பக்கத்தில் வந்து நின்றார்.

“மகள், அந்த டொக்டரிட்ட என்னையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போறியா?”

“என்ன மாமி, முழங்காலா?” மாமி பல வருடமாகக் கதிரையில் இருந்துதான் தொழுவார். முழங்கால் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

“இல்ல. காது.”

“காதா?”

“உனக்கு வந்த காது.”

கத்தியைக் கீழே வைத்தேன். மாமி அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “நான் ஆறு பெத்தவ மகள். காதுக்கு லெகிங்ஸைக் கழட்டச் சொன்ன டொக்டர நான் எங்கயும் காணல்ல.”

“தெரிஞ்சிருந்தா பிறகு ஏன் மாமி பத்து நாளா என்ட காதுல எண்ணெய் ஊத்தினீங்க?”

“நீ காதெண்டு சொன்னா காதுக்குத்தானே நான் மருந்து செய்யணும்?”

பிறகு மெல்லச் சொன்னார். பதினொரு வருடமாக அவருக்கு ஏதோ ஒன்று கீழே இறங்கி வருகிறது. நடந்தால் துணியில் உரசிப் புண்ணாகிறது. ஆறுகிறது, மறுபடி புண்ணாகிறது. குனிந்தால் கூடுகிறது. அதனால்தான் கதிரையில் தொழுகை. அதனால்தான் கலியாண வீடுகளுக்குப் போகாமல், “எனக்கு முழங்கால் ஏலா” என்று வீட்டில் இருந்துவிடுவது. மௌத்தாகி மண்ணுக்குப் போகும்வரை இப்படியே போகும் என்று நினைத்திருந்தாராம். நான் குணமாகித் திரும்பச் சைக்கிளில் ஏறிப் போனதைப் பார்த்த பிறகு ஓர் ஆசை வந்திருக்கிறது.

அன்று மாலையே போனோம். ஆண்கள் பக்கம் ஐந்தாறு பேர். பெண்கள் பக்கம் மூன்று பேர், மூன்று பேருக்கும் காய்ச்சலாம். ராத்தா மாமியை உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டார்.

“காது எண்டு போடுங்க,” என்றார் மாமி.

“நான் இப்ப பொய் சொல்றதில்ல உம்மா.” ராத்தாவின் குரல் மிகவும் சின்னதாக இருந்தது. “உள்ள போய்ச் சொல்லுங்க. சொல்ல வராட்டி நான் பக்கத்தில நிக்கிறன்.”

வயதைப் பார்த்து மாமியை முன்னால் விட்டார்கள், நான் வெளியே இருந்தேன். முக்கால் மணித்தியாலம். உள்ளே யாரோ அழுவது கேட்டது, பிறகு டொக்டர் சிரிப்பது கேட்டது. கதவு திறந்தது. மாமி வெளியே வந்தார். முக்காடு ஒரு பக்கம் சரிந்திருந்தது. பதினொரு வருடம் சுமந்ததை இறக்கி வைத்த ஆளின் முகம் அது. சந்தோஷத்தில் அவருக்குத் திரை இருப்பதே மறந்துவிட்டது.

“மகள்!” என்றார். நம்பர் ராத்தாவின் பெரிய குரல் அதற்குப் பக்கத்தில் நிற்காது. “கருப்பை இறங்கியிருக்காம்! புற்றுநோய் ஒண்டும் இல்லையாம்! உரசின புண்ணுதானாம், களிம்பில ஆறுமாம்! மறுகா ஒரு வளையம் வெச்சா மேல போய் நிண்டுருமாம்! விருப்பமெண்டா ஒப்பரேஷனும் இருக்காம்! எனக்கு மட்டுமில்லையாம் மகள், ஊரில பாதிப் பேருக்கு இது இருக்காம்!”

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு ஃபோனில் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று சட்டென்று நின்றது.

“உம்மா, மெல்ல, மெல்ல!” ராத்தா ஓடி வந்து மாமியின் வாயைப் பொத்தப் போனார். மாமி அவருடைய கையை விலக்கினார்.

“என்ன மெல்ல? பதினொரு வருஷம் மெல்லத்தானே இருந்தன்?”

அப்போது வாங்கில் காய்ச்சலோடு இருந்த மூவரில் ஒருத்தி, நாற்பது வயதிருக்கும், எழுந்து வந்தாள். “ராத்தா,” என்றாள், சின்னக் குரலில் அல்ல, சாதாரணக் குரலில். “எனக்குக் காய்ச்சல் இல்ல. எனக்கும் அந்த உம்மாக்கு வந்ததுதான்.” அவளுக்குப் பின்னால் மற்றவள், “எனக்குக் கீழ எரிச்சல். ஒரு மாசம்” என்றாள். திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஓர் ஆண் குரல் தயங்கித் தயங்கி வந்தது. “ராத்தா, அந்த வளையம் எண்டு சொன்னது… என்ட உம்மாவையும் கூட்டிக்கொண்டு வரலாமா?”

ராத்தாவுக்கு முதலில் விளங்கவில்லை. நம்பர் துண்டுகளை எடுத்தார், கீழே போட்டார், குனிந்து பொறுக்கினார். கண்ணாடியைக் கழற்றி அபாயாவின் முனையில் துடைத்தார். பிறகு டொக்டரின் கதவைப் பாதி திறந்து, தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

“டொக்டர், இண்டைக்கு நேரத்தோட வீட்ட போக ஏலா. வெளிய எல்லாரும் உண்மையைச் சொல்லத் தொடங்கிட்டாங்க.”